வளைபாதம்: முதல் மாவுக்கட்டிலிருந்து நாலு வயது வரை

பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் அடுத்த காலைப் பார்த்தபடி, குதிகால் மேலே ஏறி நின்றால் அதுதான் வளைபாதம். மருத்துவமனைச் சீட்டில் கிளப் ஃபுட் என்றோ சிடிஇவி என்றோ எழுதியிருப்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு. பாதிப் பேருக்கு இரண்டு காலிலும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், மாசமாக இருக்கும்போது காலை மடக்கிப் படுத்தாள் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒன்றுகூட உண்மையில்லை. தாயைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் கிடையாது.

இதை நேராக்க இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுவது பொன்செட்டி முறை. கணக்கு இப்படி: வாரம் ஒன்றாக ஐந்தாறு மாவுக்கட்டு. பிறகு குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன வெட்டு. அதன்மேல் மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. கட்டைப் பிரித்த அன்றே பிரேஸ், அதாவது கம்பியால் இணைத்த இரண்டு காலணி; மூன்று மாதம், நாளுக்கு 23 மணி நேரம். அப்புறம் நாலு வயது வரை தூங்கும்போது மட்டும் பிரேஸ். முதல் இரண்டு, இரண்டரை மாதம் மருத்துவர் கையில். மீதி வருஷங்கள் வீட்டார் கையில். கோட்டை விடுவது பெரும்பாலும் வீட்டில்தான். அதனால் இங்கே பிரேஸுக்கு இடம் அதிகம்.

கடிகாரக்காரர் மகன்

இந்த முறையின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால், ஏன் இப்படி அடம்பிடிக்கிறார்கள் என்பது புரியும்.

இக்னாசியோ பொன்செட்டி 1914-ல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். அப்பாவுக்குக் கடிகாரத் தொழில். பையனும் கடையில் கூடமாட உட்கார்ந்து பழுதுபார்த்தவன். பார்சிலோனாவில் மருத்துவப் படிப்பை முடித்த 1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. குடியரசுப் படையில் மருத்துவராகச் சேர்ந்து, எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டே கை பழகினார். 1939-ல் தோல்வி உறுதியானதும் காயம்பட்டவர்களைப் பிரனீஸ் மலை தாண்டிப் பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு மெக்சிகோவில் ஒரு சிற்றூரில் வைத்தியம். 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஸ்டைண்ட்லரிடம் எலும்பு அறுவைப் பயிற்சி; அங்கேயே ஆசிரியராகவும் தங்கிவிட்டார்.

முன்பு அங்கே வளைபாதத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களின் கால்கள் பின்னாளில் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் வேலை அவருக்கு வந்தது. பார்வைக்கு ஓரளவு நேராக இருந்த பாதங்கள் விறைத்து, வலுவிழந்து, வலித்துக்கொண்டிருந்தன. அறுத்த இடமெல்லாம் தழும்பு. கத்தி வைக்காமல் நேராக்க வழி தேடி, பாதத்தின் மூட்டுகள் ஒன்றோடொன்று எப்படி நகர்கின்றன என்பதைப் பிரித்துப் பார்த்துப் படித்தார். 1940களின் கடைசியில் தன் முறையைத் தொடங்கி, 1963-ல் முடிவுகளை வெளியிட்டார். எலும்பு மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அப்போது கத்திக்குத்தான் மவுசு.

1995-ல் அவருடைய பழைய நோயாளிகள் 45 பேரை, சராசரியாக 34 வயதில் பரிசோதித்து எழுதினார்கள். 78 சதவீதத்தினருக்கு கால் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. பிறவிக் குறை எதுவும் இல்லாதவர்களை அதே அளவுகோலில் பார்த்தபோது 85 சதவீதம். கொஞ்சம்தான் வித்தியாசம். 90களின் கடைசியில் இணையத்தில் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் முறை பரவியது. மருத்துவர்கள் பின்னால் வந்தார்கள். 1984-லேயே ஓய்வு பெற்றிருந்த பொன்செட்டி மறுபடி கிளினிக்குக்கு வந்து, பல நாட்டு மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2009 அக்டோபரில், 95 வயதில் இறக்கும் வரை ஓயவில்லை.

எங்கே, எப்போது போவது

பிறந்த ஒரு வாரம், பத்து நாளில் முதல் கட்டு என்றால் மிக நல்லது. குறைப்பிரசவம், எடை குறைவு, மூச்சுத்திணறல் என்று வேறு சிக்கல் இருந்தால் அது முதலில். சில வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஒன்பது மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான பாதங்கள் நேராகிவிடும். அதற்குப் பிறகும் பலன் உண்டு, கட்டுகளின் எண்ணிக்கைதான் கூடும்.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே-யின் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லி, கிராம சுகாதார செவிலியரிடமோ பிரசவம் பார்த்த மருத்துவமனையிலோ கேளுங்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பொன்செட்டி முறையா? கட்டு தொடை வரை போடுவீர்களா? பிரேஸ் எங்கே கிடைக்கும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத இடத்தில் முதல் கட்டைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதல் நாளில் மருத்துவர் பாதத்தோடு நிறுத்தாமல் முழுக் குழந்தையையும் பார்க்க வேண்டும். முதுகின் அடியில் குழியோ முடிக்கொத்தோ இருந்தால் தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம். இடுப்பு மூட்டு நழுவுகிறதா, கை விரல்களும் முழங்காலும் விறைத்திருக்கின்றனவா என்பதும் முக்கியம். அப்படி இருந்தால் சிகிச்சை அதே வழிதான், ஆனால் நீளும், திரும்ப வளையும் வாய்ப்பும் அதிகம். எக்ஸ்ரே தேவைப்படாது. இந்த வயதில் பாத எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பு, படத்தில் விழாது.

எல்லா மடங்கிய பாதமும் வளைபாதம் இல்லை. கருப்பையில் இடம் போதாமல் மடங்கிக் கிடந்த பாதத்தை விரலால் தள்ளினால் எளிதாக நேராகும், புறங்கால் கெண்டைக்காலின் முன்பக்கம் வரை போய் ஒட்டும். அது தானாகச் சரியாகிவிடும். வளைபாதம் அப்படி வராது. விறைப்பாக எதிர்க்கும், குதிகாலுக்கு மேலேயும் பாதத்தின் உள் ஓரத்திலும் ஆழமான மடிப்பு இருக்கும், குதிகாலை அழுத்தினால் எலும்பு தட்டாமல் வெறும் சதையாக உள்வாங்கும். இப்படி ஆறு அடையாளங்களுக்குத் தலா 0, 0.5, 1 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவது பிரானி அளவு. 6 என்றால் மிக விறைப்பு, 0 என்றால் சரியான பாதம். வாரா வாரம் இந்த எண்ணைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். குறைந்துகொண்டே வரவேண்டும். இரண்டு வாரமாக அசையவில்லை என்றால் கட்டுப் போடும் கையில் ஏதோ பிசகு.

எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உருவிவிட்ட அந்த நிமிஷத்துக்கு வளைவு கொஞ்சம் இளகும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். இளகியதைப் பிடித்து வைக்கத்தான் மாவுக்கட்டு.

கட்டுப் போடும் கை என்ன செய்கிறது

இதை வீட்டில் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கும், புதிதாகக் கற்கும் பயிற்சி மருத்துவருக்கும் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

பாதத்தில் நாலு கோளாறு: உள்ளங்கால் வில்லாகக் குழிந்திருப்பது, முன்பாதம் உள்ளே திரும்பியிருப்பது, குதிகால் உள்ளே சாய்ந்திருப்பது, குதிகால் மேலே ஏறியிருப்பது. இதே வரிசையில்தான் சரிசெய்ய வேண்டும். முதல் கட்டில் குழிவு மட்டும். பெருவிரல் பக்கத்து எலும்பை மேலே தூக்கி, முன்பாதத்தைப் பின்பாதத்தின் கோணலோடு ஒத்துவர வைப்பார்கள். அதனால் முதல் கட்டைப் பார்த்தால் பாதம் இன்னும் உள்பக்கம் திரும்பியது போலவே தெரியும். "முன்னாடியைவிட மோசமாயிடுச்சே" என்று பதறி இன்னொரு மருத்துவரைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அதுதான் சரியான கட்டு.

இரண்டாம் கட்டிலிருந்து பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்புவார்கள். இங்கேதான் முறையின் உயிர் இருக்கிறது. பாதத்தின் வெளிப்பக்கம், கணுக்கால் முட்டிக்குச் சற்று முன்னால் மேடாகத் தட்டுப்படுவது தாலஸ் என்ற எலும்பின் தலை. ஒரு கையின் பெருவிரலை அதன்மேல் முட்டுக் கொடுத்துவிட்டு, மறு கையால் முன்பாதத்தை வெளியே திருப்ப வேண்டும். தாலஸ் அசையாமல் நிற்க, அதன் கீழே பாதம் முழுவதும், குதிகால் எலும்பு உட்பட, சுழன்று வெளியே வரும். முன்பாதமும் குதிகாலின் சாய்வும் ஒரே அசைவில் சரியாகும். பொன்செட்டிக்கு முன்பு பிரபலமாக இருந்த அட்லாண்டா மருத்துவர் ஹைராம் கைட், முட்டுக் கொடுத்த இடம் இன்னும் முன்னால், பாதத்தின் வெளி ஓரத்து நடுவில். அந்த இடத்தில் அழுத்தினால் குதிகால் எலும்பு வெளியே வர வழியில்லாமல் பூட்டிக்கொள்ளும். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே குழந்தைப் பாதத்தில் ஒரு விரலகலம்கூட இல்லை. கடிகாரம் பழுதுபார்த்த கை இதைக் கண்டுபிடித்ததில் ஆச்சரியமில்லை என்று தோன்றும்.

குதிகாலைத் தொடவே கூடாது. பாதத்தை வெளிப்புறமாகச் சாய்த்து முறுக்கவும் கூடாது. முறுக்கினால் சரியாகிக்கொண்டிருந்த குழிவு திரும்பிவிடும். குதிகால் ஏற்றத்தை முன்கூட்டியே தீர்க்க நினைத்து உள்ளங்காலை மேலே அமுக்கினால் பாதம் நடுவில் ஒடிந்தாற்போல வளைந்து, உள்ளங்கால் படகின் அடிப்பகுதி மாதிரி ஆகிவிடும். அவசரக்காரர்கள் செய்யும் தவறு இது, திருத்துவது பெரும்பாடு.

கட்டுக்கு மெல்லிய பஞ்சுப் பட்டை, அதன்மேல் பாரிஸ் சாந்துப் பட்டை. முதலில் விரல் நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை. அது இறுகியதும் முழங்காலை 90 பாகை மடக்கி, தொடை இடுக்கு வரை நீட்டுவார்கள். விரல்களுக்கு அடியில் தட்டு மாதிரி கட்டு நீண்டிருக்கும், மேலே விரல்கள் திறந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் கட்டு நழுவும், உள்ளே கால் சுழன்றுவிடும், அந்த வாரம் வீண். குழந்தை பசியோடு வர வேண்டும். கட்டுப் போடும் நேரத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தால் கால் தளர்ந்திருக்கும், வேலை சுத்தமாக முடியும். அழுது உதைக்கும் காலில் நல்ல கட்டு அமையாது.

வாரத்துக்கு ஒன்று என்ற இடைவெளிக்கும் காரணம் உண்டு. கைக்குழந்தையின் இணைப்புத் திசு இழைகள் சுருண்ட நூல் போல இருக்கும். இழுத்தால் சுருள் நீளும். சில நாளில் நீண்ட நிலையிலேயே மறுபடி சுருள் விழும். அப்போது இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பொன்செட்டி ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் பார்த்ததும் இந்த இழைகளைத்தான். கேசரிப் பருப்புக்கு உறவான ஒரு பட்டாணிச் செடியின் விதையைத் தின்ற எலிகளுக்கு முதுகெலும்பு ஏன் கோணுகிறது என்று ஆராய்ந்தவர் அவர்.

கட்டோடு வீட்டில்

கட்டுப் போடும் முன் காலில் கிடக்கும் கருப்புக் கயிறு, கொலுசு, தண்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கட்டுக்குள் சிக்கினால் வீக்கம் வரும்போது அறுக்கும்.

முதல் 12 மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும், பிறகு நாளுக்கு நாலு முறை விரல்களைப் பாருங்கள். நுனியை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நீலமாகவோ வெள்ளையாகவோ சில்லென்றோ இருந்தால், அல்லது விரல்கள் குண்டாகிப் பளபளத்தால் உடனே மருத்துவமனை. இரவென்று காத்திருக்கக் கூடாது. போக வழியில்லை என்றால் வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான நீரில் கட்டை ஊறவைத்துப் பிரித்துவிடுங்கள். ஒரு வாரச் சிகிச்சை போனால் போகட்டும்.

நேற்று தெரிந்த விரல்கள் இன்று உள்ளே போய்விட்டன என்றால் கட்டு நழுவிவிட்டது. "இன்னும் மூன்று நாளில் எப்படியும் போகிறோமே" என்று விடாதீர்கள். நழுவிய கட்டுக்குள் குதிகால் மேலேறி, புறங்கால் வீங்கி, பாதம் குட்டையாகக் குண்டாகி, உள்ளங்காலின் குறுக்கே ஆழமான மடிப்பு விழுந்து, பெருவிரல் மேலே நிமிர்ந்துகொள்ளும். இதைச் சிக்கலான வளைபாதம் என்பார்கள். அதற்கு முழங்காலை 110 பாகை வரை மடக்கி, பாதத்தை வெளியே 30, 40 பாகைக்கு மேல் திருப்பாமல் வேறு விதமாகக் கட்ட வேண்டும். பழைய மாதிரியே கட்டிக்கொண்டு போனால் இன்னும் கெடும்.

குளிப்பாட்டுவது கிடையாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாட்டிகளுக்குத்தான் இது பெரிய குறை. கட்டுப் பிரிக்கும் நாளில் மருத்துவமனையிலேயே காலைக் கழுவிவிடலாம். நாப்கின் விளிம்பு கட்டின் மேல் விளிம்புக்கு வெளியே நிற்கட்டும், உள்ளே செருகினால் சிறுநீர் கட்டுக்குள் இறங்கும். கட்டுக்குள் பவுடர், எண்ணெய், அரிக்கிறதென்று குச்சி, எதுவும் வேண்டாம். கெட்ட வாடையோ காய்ச்சலோ வந்தால் உள்ளே புண் இருக்கலாம்.

அடுத்த கட்டு நாளில், கிளம்பும் முன் 20 நிமிஷம் ஊறவைத்து, ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோங்கள். பிரிப்பது மருத்துவமனையில்தான். முந்தின ராத்திரியே பிரித்துவிட்டால் சம்பாதித்ததில் ஒரு பங்கு காலைக்குள் கரைந்திருக்கும். ரம்பம் வைத்து அறுக்கச் சம்மதிக்காதீர்கள். குழந்தையும் மிரளும், தோலிலும் படும்.

"நரம்பை வெட்டுவாங்களாமே"

பாதம் 60, 70 பாகை வெளியே திரும்பிய பிறகும் குதிகால் கீழே இறங்காமல் நிற்கும். பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு அப்படித்தான். குதிகாலை மேலே இழுத்துப் பிடித்திருக்கும் குதிநாண் மாவுக்கட்டுக்கு இளகாது. அதைக் குதிகாலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே குறுக்கே வெட்டிவிட வேண்டும்.

நம் பேச்சில் ரத்தக்குழாயும் நரம்பு, உணர்ச்சி நரம்பும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் நாணும் நரம்பு. அதனால் "நரம்பை வெட்டப் போறோம்" என்று கேட்டதும் கால் செயலிழந்துவிடும் என்று குடும்பமே பயந்து எழுந்து போய்விடுகிறது. வெட்டுவது கயிறு போன்ற தசைநாணை. குழந்தைக்கு மூன்று வாரத்தில் அது இடைவெளியை நிரப்பி, நீண்ட அளவிலேயே மறுபடி வளர்ந்துவிடும்.

பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, நுனி மெலிந்த கத்தியால் ஒரே குத்து. நாண் அறுந்ததும் மருத்துவரின் விரலில் பட்டென்று தெரியும், குதிகால் கூடுதலாக 15, 20 பாகை இறங்கும். தையல் கிடையாது. சில இடங்களில் மயக்க மருந்து கொடுப்பார்கள். அப்படியானால் எத்தனை மணியிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்று வாரக் கட்டு. அதன்மேல் சின்னதாக ரத்தக் கறை தெரிவது வழக்கம். விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் கூப்பிடுங்கள்.

பாதம்தான் நேராகிவிட்டதே, வெட்டு மட்டும் வேண்டாம் என்று நிறுத்துவது வேலைக்கு ஆகாது. குதிகால் ஏறிய நிலையில் பிரேஸ் காலில் நிற்கவே நிற்காது.

பிரேஸ்

இரண்டு காலணி, நடுவே ஒரு கம்பி. ஒரு காலில்தான் வளைபாதம் என்றாலும் இரண்டு காலுக்கும் மாட்ட வேண்டும். ஒற்றைக் காலுக்கான பிளாஸ்டிக் அச்சு போதாது, பாதத்தை வெளியே திருப்பிப் பிடிக்க அதனால் முடியாது. பழுதான கால் 60 முதல் 70 பாகை, நல்ல கால் 30 முதல் 40 பாகை வெளியே பார்க்கும். கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். அதைவிடக் குட்டையாக இருந்தால் குழந்தைக்கு வசதியாக இராது, உதைத்துக் கழற்றும். கம்பி நடுவில் லேசாக வளைந்து பாதத்தை மேல்நோக்கித் தூக்கி வைக்கும். இந்த எண்களைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருகு தளர்ந்து கோணம் மாறிவிட்டால் எதை வைத்துத் திருப்பி வைப்பது? உகாண்டாவில் பணியாற்றிய மிஹீல் ஸ்டீன்பீக் வடிவமைத்த தோல் காலணிப் பிரேஸ் மலிவானது, செருப்புத் தைப்பவர்களே செய்யக்கூடியது. மென்மையான மிட்செல் காலணி விலை கூடியது. இரண்டும் வேலை செய்யும், மாட்டினால்.

மாட்டும் விதம்:

1. பருத்திக் காலுறை, சுருக்கமில்லாமல், காலணிக்கு மேலே தெரியும் நீளத்தில்.
2. முதலில் அடம்பிடிக்கும் காலை மாட்டுங்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு பாதத்தை உள்ளே விட்டு, குதிகால் பின்னுக்கும் கீழுக்கும் முழுதாக இறங்கும்வரை அழுத்துங்கள்.
3. கயிற்றைத் தொடும் முன் கணுக்கால் மேல் வரும் வாரை இறுக்குங்கள். குதிகாலைப் பிடித்து வைப்பது அந்த வார்தான். பிறகு கயிறு, ரத்த ஓட்டம் நிற்கிற அளவுக்கு வேண்டாம்.
4. கெண்டைக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். விரல்கள் முன்னும் பின்னும் நகர்ந்தால் குதிகால் இறங்கவில்லை, மறுபடி. இறங்கியிருக்கும்போது விரல் நுனி எங்கே வருகிறதோ அங்கே உள்பட்டையில் கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை யார் மாட்டினாலும் தெரியும்.
5. கம்பிக்குப் பழைய துணியோ சைக்கிள் கைப்பிடி ரப்பரோ சுற்றுங்கள். குழந்தைக்கும் அடி படாது, உங்களுக்கும்.

முதல் இரண்டு நாள் அழும். வலியால் அல்ல; ஒரு காலைத் தனியாக உதைக்க முடியாத கோபம். இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால், இரண்டையும் சேர்த்து உதைக்கலாம் என்று கண்டுபிடித்துவிடும். அந்த இரண்டு நாளில் கழற்றினீர்களோ, அழுதால் கழற்றுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். கற்றால் மறக்காது.

லேசான சிவப்பு பரவாயில்லை. அடர் சிவப்பு, கொப்புளம் என்றால், குறிப்பாகக் குதிகாலின் பின்னால், வார் தளர்ந்து பாதம் உள்ளே ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். இன்னும் தளர்த்தக் கூடாது, இறுக்க வேண்டும். சிவந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ தடவினால் தோல் இளகி இன்னும் மோசமாகும்.

தூளியில் போடலாமா என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. சேலை இரண்டு பக்கமும் நெருக்கினால் கம்பி குறுக்கே மாட்டிக்கொள்ளும், கால் உள்ளே மடங்கும். தூளிக்கட்டை வைத்து அகலமாக விரித்தால் போடலாம். பாய் இன்னும் நல்லது.

மூன்று மாதம் 23 மணி நேரம்: குளிக்கவும் துடைக்கவும் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு இரவு 12 மணி நேரமும் பகல் தூக்கத்தில் 2 முதல் 4 மணி நேரமும். நாலு வயது வரை. சில மருத்துவர்கள் ஐந்து வரை சொல்வார்கள், கேளுங்கள். விரல்கள் காலணி நுனியைத் தாண்டி மடங்கத் தொடங்கினால் அடுத்த அளவு வாங்க வேண்டும். அதுவரை கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நம் ஊரில் ஒரு இடர் உண்டு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீடு போவாள். அது சரியாகப் பிரேஸ் போட்டிருக்கும் காலம். அங்கே, "பாதம் நேராத்தானே இருக்கு, பச்சப் புள்ளைக்கு எதுக்கு இந்த விலங்கு?" என்று கேட்பார்கள். தனியாக அவளால் எதிர்த்து நிற்க முடியாது. அதனால் கட்டுக் காலத்திலேயே ஒரு முறையாவது கணவரையும் மாமியாரையும் மருத்துவமனைக்கு அழைத்து, மருத்துவர் வாயாலேயே கேட்கவைத்து, அவர்கள் கையாலேயே ஒருமுறை மாட்டவையுங்கள். சொல்ல ஒரு கணக்கும் இருக்கிறது: பிரேஸை ஒழுங்காகப் போட்டவர்களில் திரும்ப வளைந்தது 6 சதவீதம், போடாதவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் என்று அயோவா குழுவினர் குறித்திருக்கிறார்கள்.

திரும்ப வளைகிறதா

பிரேஸ் தொடங்கி இரண்டு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு மூன்று வயது வரை நாலு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். வீட்டில் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் காலில் இருக்காது, பிரேஸில் இருக்கும். இதுவரை சமர்த்தாகத் தூங்கிய குழந்தை திடீரென்று காலணியிலிருந்து காலை உருவிக்கொள்கிறது என்றால் குதிகால் ஏறத் தொடங்கியிருக்கலாம். குறும்பு என்று விடாதீர்கள். நடக்கத் தொடங்கியபின் வெளி ஓரத்தில் ஊன்றுவது, செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்வது, ஓடும்போது பாதம் உள்ளே திரும்புவது எல்லாம் அடுத்தடுத்த அடையாளங்கள்.

சீக்கிரம் பிடித்தால் மறுபடி இரண்டு மூன்று கட்டு, தேவைப்பட்டால் குதிநாணை மீண்டும் வெட்டுவது, பிறகு பழையபடி பிரேஸ். இரண்டரை, மூன்று வயதுக்கு மேல் நடக்கும்போது மட்டும் பாதம் உள்ளே திரும்பினால், முன்கால் தசையொன்றின் நாணை உள்பக்கத்திலிருந்து எடுத்துப் பாதத்தின் நடுப்பகுதிக்கு மாற்றித் தைப்பார்கள். மூட்டுகளைத் திறக்காத அறுவை, பொன்செட்டியே செய்தது. மூட்டுகளையெல்லாம் திறந்து விடுவிக்கும் பெரிய அறுவையைத்தான் அவர் தவிர்க்கச் சொன்னார். எடுத்த எடுப்பில் அதைப் பரிந்துரைத்தால் இன்னொரு கருத்து கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பாதித்த பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் சின்னதாகவும், கெண்டைக்கால் கொஞ்சம் மெலிந்தும் கடைசி வரை இருக்கும். இது பழுது அல்ல. செருப்பு வாங்கும்போது இரண்டு காலுக்கும் போட்டுப் பார்த்தால் போதும். ஓட, குதிக்க, கால்பந்து ஆடத் தடையில்லை.

பிரேஸ் நின்ற பிறகும் மாதம் ஒருமுறை குழந்தையை வெறுங்காலோடு குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும். ஒன்று தூக்கி நின்றால், அடியில் ஒரு காகிதம் நுழைகிற அளவு என்றாலும், அந்த வாரமே கூட்டிப் போங்கள்.